டாஷ்கமராப் பதிவு எடிட்டிங் மென்பொருளில் திறக்காதது ஏன்?

டாஷ்கமரா ஒரு பயணத்தை ஒரே நீளமான வீடியோவாகப் பதிவதில்லை. ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று துண்டு துண்டாகவே மெமரி கார்டில் எழுதுகிறது. கார்டு நிறைந்ததும் மிகப் பழைய துண்டை அழித்து அந்த இடத்தில் புதியதை எழுதும். இலங்கையின் அமிர்தகழியிலிருந்து புறப்பட்டு ஏழு மணி நேரத்தில் கொழும்பை அடையும் வான் ஒன்றில், மூன்று நிமிடத் துண்டுகளாக 140 கோப்புகள் சேர்ந்துவிடும். நொடிக்கு 15 மெகாபிட் என்ற அளவில் பதியும் கமராவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 112 மெகாபைட் இடம் வேண்டும். 64 ஜிகாபைட் கார்டு ஒன்பதரை மணி நேரத்தைத்தான் தாங்கும். மறுநாள் வான் ஊர் திரும்பும்போது, போன பயணத்தின் முதல் நான்கு மணி நேரம் கார்டில் இருக்காது.

மோதலின் அதிர்வை உணர்ந்தால் கமரா அப்போது பதியும் துண்டை அழியாதபடி தானாகவே பூட்டி வைக்கும். ஆனால் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மாமாங்கேஸ்வரர் ஆலயத்தைச் சுற்றி வாகனங்கள் ஊர்ந்து நகரும்போது ஏற்படும் மெல்லிய உரசல் கமராவின் அதிர்வு உணரியை எட்டாமல் போகலாம். அப்படியான நேரத்தில் பூட்டும் பொத்தானைக் கையால் அழுத்த வேண்டும், அல்லது கமராவை நிறுத்திவிட்டுக் கார்டைக் கழற்றிவிட வேண்டும்.

கார்டைக் கணினியில் செருகியதும் சிக்கல் தொடங்குகிறது. வீடியோ பிளேயரில் நன்றாக ஓடும் கோப்பு, எடிட்டிங் மென்பொருளில் கறுப்புத் திரையாகவோ சத்தம் இல்லாமலோ வருகிறது. சிலவேளை திறக்கவே மறுக்கிறது. ஒரு வீடியோக் கோப்பில் இரண்டு விடயங்கள் உண்டு. படத்தையும் ஒலியையும் சுருக்கும் முறை ஒன்று. சுருக்கியவற்றைச் சேர்த்து அடக்கியிருக்கும் கோப்பு வடிவம் மற்றொன்று. டாஷ்கமராக்களில் சுருக்கும் முறை பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265. கோப்பு வடிவம் எம்பி4, எம்ஓவி, டிஎஸ், பழைய கமராக்களில் ஏவிஐ. விஎல்சி போன்ற பிளேயர்கள் இவை அனைத்தையும் ஏற்கும். எடிட்டிங் மென்பொருள்கள் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. ஆகவே முதலில் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வடிவம், சுருக்கும் முறை, நொடிக்கு எத்தனை சட்டகம், ஒலியின் வகை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதைப் பார்க்காமல் இணையத்தில் கிடைக்கும் ஏதோவொரு கன்வர்ட்டரில் போடுவதுதான் பலரும் செய்வது. வாகன இலக்கத் தகடு வாசிக்க முடியாதபடி மங்குவதும் அதனால்தான்.

டிஎஸ் வடிவம்தான் தடையென்றால் படத்தைத் தொடவே தேவையில்லை. எஃப்எஃப்எம்பெக் அல்லது லொஸ்லெஸ்கட் மென்பொருளால் உள்ளிருப்பதை அப்படியே எம்பி4 வடிவத்துக்கு மாற்றலாம். சில நொடிகளில் முடியும் வேலை. தரம் இம்மியும் குறையாது. எச்.265 என்றால் கதை வேறு. விண்டோஸில் அதற்கான நீட்சியை மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் வாங்க வேண்டியிருக்கலாம். லினக்ஸில் இயங்கும் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு எச்.264 கோப்பையே ஏற்காது. அங்கே டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற எடிட்டிங் வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். அந்த வடிவத்தில் முழு எச்டி வீடியோ ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் பிடிக்கும் என்பதால், தேவையான துண்டுகளை மட்டும் மாற்றினால் போதும்.

படம் ஓடியும் ஒலி மெல்ல மெல்லப் பின்தங்கினால், பெரும்பாலும் காரணம் நொடிக்கு நொடி சட்டக எண்ணிக்கை மாறுவதுதான். அடோபி பிரீமியர் 2018 முதல் இத்தகைய பதிவுகளைக் கையாள்கிறது. மற்றவற்றில் தடுமாற்றம் வந்தால், ஹேண்ட்பிரேக்கில் மாறாத சட்டக வேகத்தைத் தெரிவுசெய்து ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

மிகவும் வருத்தம் தருவது, விபத்து நடந்த துண்டே திறக்காமல் போவது. எம்பி4 கோப்பில் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட பொருளடக்கம் போல, பதிவு முடியும்போதே எழுதப்படுகிறது. மோதலில் மின்சாரம் அறுந்தால் அந்தப் பட்டியல் எழுதப்படாமல் போகும். படம் கார்டில் இருந்தும் எந்த மென்பொருளுக்கும் வாசிக்கத் தெரியாது. இதற்கு அன்ட்ரங்க் என்ற கருவி உண்டு. அதே கமராவில் அதே அமைப்பில் பதிந்த நல்ல கோப்பு ஒன்றைக் கொடுத்தால், அதைப் பார்த்துப் பட்டியலை மீள அமைக்க முயலும். டிஎஸ் வடிவத்துக்கு அப்படியொரு பட்டியல் தேவைப்படாததால்தான், எடிட்டிங்கில் தொல்லை தந்தாலும், சில கமராக்கள் அதில் பதிகின்றன. கோப்பு கெட்டுவிட்டதென்று தெரிந்தபின் அந்தக் கார்டில் வேறு எதையும் பதியக் கூடாது.

கல்லடிப் பாலத்தின் நடுவில் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கினால், இரண்டையும் சேர்த்தால்தான் நடந்தது புரியும். லொஸ்லெஸ்கட்டில் தரம் குறையாமல் இணைக்கலாம். சில கமராக்கள் அடுத்த துண்டைச் சற்று முன்கூட்டியே தொடங்குவதால், சேரும் இடத்தில் ஒரே காட்சி இருமுறை வரக்கூடும். அதை நீக்க வேண்டும். வெட்டும்போதும் ஒரு வரம்பு உண்டு. எச்.264 முறையில் ஒரு முழுச் சட்டகத்தையும், அதன்பின் வரும் மாற்றங்களை மட்டுமே கொண்ட சட்டகங்களையும் கமரா எழுதுகிறது. மறுபடி சுருக்காமல் வெட்டும்போது வெட்டு முழுச் சட்டகத்தில்தான் தொடங்க முடியும். அதனால் விரும்பிய இடத்துக்குச் சற்று முன்னிருந்தே வெட்டுவது பாதுகாப்பானது.

பதியும் முன்னரே சரிசெய்ய வேண்டியவையும் இரண்டு உள்ளன. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமரா 60 இல் இருந்தால் வீதி விளக்குகள் இரவுப் பதிவில் மினுங்கக்கூடும். நேர வலயம் கூட்டல் ஐந்தரை. முழு மணி நேரத்தை மட்டும் ஏற்கும் கமராவில் கடிகாரத்தைக் கையால் வைக்க வேண்டும்.

எடிட் செய்து வெளியே எடுக்கும் வீடியோவில் பொதுவாக ஜிபிஎஸ் இடக்குறிப்பும் வேகமும் இருக்காது. அவை மூலக் கோப்புக்குள் தனித் தரவாக இருப்பவை. எடிட்டிங் மென்பொருள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. சட்டத்தின் முன் மூலக் கோப்புக்கு மதிப்புக் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், சம்பவம் நடக்கும்போதே பதிந்த ஒலி, ஒளிப்பதிவுகளை இலங்கை நீதிமன்றங்களில் சான்றாக ஏற்க வழி செய்கிறது. பதிவு எவ்விதத்திலும் மாற்றப்படாததாக இருக்க வேண்டும் என்கிறது. அத்தகைய சான்றைப் பற்றி விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவிக்கவும் கோருகிறது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம், இலத்திரனியல் சான்றுக்கான சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். 7-சிப் மென்பொருளில் கோப்பை வலது சொடுக்கினாலே அதைக் கணக்கிடலாம். இலங்கையிலும் அதைக் குறித்து வைப்பது நன்று.

ஆகவே கார்டிலுள்ள கோப்பைப் பெயர்கூட மாற்றாமல் முதலில் இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் மூன்றாவது நகலில் மட்டும் நடக்கட்டும். காப்புறுதி நிறுவனமோ பொலிஸோ கேட்டால் எடிட் செய்த வீடியோவுடன் மூலக் கோப்பையும் சேர்த்தே கொடுங்கள்.