திண்ணையில் பிறக்கும் பாய்மரப் படகு!

"இங்கே படகு கட்டுவோர் உண்டா?" என்று போடிநாயக்கனூர்க் கடைவீதியில் கேட்டுப் பாருங்கள். கேட்டவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஏலக்காய் மணக்கும் ஊரில் படகுக்கு என்ன வேலை? 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறினாலும், கண்ணில் படுவது மேகமும் ஏலத் தோட்டமும்தானே!

சற்றே யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடும். படகுக்கு வேண்டியவை இரண்டு: மரம் ஒன்று, தண்ணீர் மற்றொன்று. இரண்டுக்கும் இந்தச் சீமையில் பஞ்சமில்லை. கேரளத்தின் புகழ்பெற்ற சுண்டன் வள்ளங்களுக்கு உடல் தந்த அயினி மரம், மேற்கு மலைத் தொடருக்கே உரியது. தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரமோ ஒட்டுப்பலகை ஆலைகளுக்குப் போகிறது. தண்ணீருக்கு, 1895-ல் முடிந்த பெரியாறு அணையால் உண்டான தேக்கடி ஏரி இருக்கிறது. 1959-ல் திறந்த வைகை அணை இருக்கிறது. போடிமெட்டைத் தாண்டினால் கேரளத்து ஆனையிறங்கல் அணையும் இருக்கிறது.

மலைக்குப் படகு வருவதும் புதிதல்ல. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு துரை 1863-ல் கொடைக்கானல் ஏரியை அமைத்தார். அதில் மிதக்கவிட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பார்கள். இன்று அந்தச் சிரமமும் வேண்டாம். வீட்டுத் திண்ணையிலேயே ஒரு சிறு பாய்மரப் படகைக் கட்டிவிடலாம்!

தையல்தான் ரகசியம்

ஆணி அடித்துக் கட்டுவதுதான் படகு என்று எண்ண வேண்டாம். சென்னையில் துறைமுகம் எழுவதற்கு முன், கப்பலில் வந்தவர்களைக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அவற்றின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது தைத்த படகு சற்றே வளைந்து கொடுக்கும், உடையாது.

இந்தத் தையல் வித்தையைப் போன்றதொரு முறை 1962-ல் இங்கிலாந்தில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 'டெய்லி மிரர்' பத்திரிகையின் ஆதரவில், ஜாக் ஹோல்ட் என்ற படகு நிபுணரும், தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைக் கற்பித்து வந்த பாரி பக்னெலும் சேர்ந்து 'மிரர்' படகை உருவாக்கினர். நீளம் சுமார் 11 அடி. எடை சுமார் 45 கிலோ. அன்றைய விலை 63 பவுன் 11 ஷில்லிங். சாமானியர்கள் தங்கள் வீட்டிலேயே கட்டத் தொடங்கினர். இதுவரை உருவான மிரர் படகுகள் 70,000-க்கும் அதிகம்!

முறை எளிது. ஒட்டுப்பலகையை அளவுப்படி அறுத்து, ஓரங்களில் சிறு துளைகள் போட வேண்டும். செம்புக் கம்பியைக் கோத்து முறுக்கினால், தட்டையான பலகைகள் வளைந்து படகின் உருவம் எடுக்கும். உள்மூலைகளில் பசை பூசி, கண்ணாடி இழை நாடாவை ஒட்ட வேண்டும். பசை இறுகியதும் வெளியே தெரியும் கம்பியை நறுக்கிவிடலாம். பிறகு பாய்மரம், பாய், சுக்கான், பக்கவாட்டில் நழுவாமல் காக்க நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை, அவ்வளவுதான்!

பலகையில் மட்டும் சிக்கனம் கூடாது. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்டையே வாங்க வேண்டும். சாதாரணப் பலகை தண்ணீரில் ஊறி ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

கைவைக்குமுன் யோசியுங்கள்!

படகு முடிந்ததும் ஆசை பிறக்கும். "பாய்மரத்தை இரண்டடி உயர்த்தினால் என்ன? இருக்கையை மேலே தூக்கினால் என்ன?" என்று மனம் கேட்கும். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. 45 கிலோ படகில் 120 கிலோ எடையுள்ள இருவர் ஏறினால், அது 165 லிட்டர் தண்ணீரை விலக்கி மிதக்கும். மிதப்பது சுலபம், நிமிர்ந்து நிற்பதுதான் கடினம். பாரம் மேலே ஏற ஏறப் படகு கவிழத் துடிக்கும். பாய் பெரிதானால் காற்றின் தள்ளலும் பெரிதாகும்.

பாக் நீரிணை மீனவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். அங்கே பாய் விரித்த வத்தைகளில் குறுக்கே ஒரு பலகை நீட்டியிருக்கும். காற்று வலுத்தால் ஆட்கள் அதில் நகர்ந்து உட்கார்ந்து, தங்கள் உடல் எடையாலேயே படகை நிமிர்த்துவார்கள்.

சமநிலை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஓர் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தத் துயரத்தை இப்பக்கத்து மக்கள் மறக்க இயலுமா?

ஆகவே, மாற்றம் செய்வதானால் பாதுகாப்புக்காகச் செய்யுங்கள். முன்னும் பின்னும் காற்றுப் புகாத அறைகள் அமைத்தால், தண்ணீர் நிரம்பினாலும் படகு மூழ்காது. முதல் நாளே ஆழமற்ற நீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்திப் பழகுங்கள். மிதவை உடுப்பு அணியாமல் ஏறாதீர்கள். அணையிலும் ஏரியிலும் உரிய அனுமதி பெற்றே இறக்குங்கள்.

திண்ணையில் கட்டிய படகில் அப்பாவும் பிள்ளையும் காற்றின் போக்கறிந்து செல்வது எத்தனை இனிய காட்சி! ஏலக்காய்க்கு மணம் அழகு. படகுக்கு நிதானமே அழகு.