கட்டற்ற பிழைநீக்கியில் பழைய செயலிகளுக்கான ஆதரவு: ஜிடிபி மென்பொருளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குனு திட்டத்தின் பிழைநீக்கியான ஜிடிபி, 1977இல் அறிமுகமான வேக்ஸ் கணினிகளுக்கான நிரலை இன்றும் தன்னகத்தே கொண்டுள்ளது. ஆனால், 2006இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3இல் இடம்பெற்ற செல் செயலிக்கெனச் சேர்க்கப்பட்டிருந்த தனி ஆதரவை 2020இல் வெளிவந்த 9ஆம் பதிப்பில் நீக்கிவிட்டது. ஒரு செயலிக்கான ஆதரவு நிலைப்பதும் நீங்குவதும் அதன் வயதைப் பொறுத்தவை அல்ல. பராமரிப்புச் சுமையையும் அதனை ஏற்போரையும் பொறுத்தவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிழைநீக்கி, ஜிடிபி, பழைய செயலிகள், கட்டற்ற மென்பொருள், பராமரிப்பு

முன்னுரை

இயங்கும் நிரலை இடையில் நிறுத்தி, நினைவகத்திலும் பதிவகங்களிலும் உள்ள மதிப்புகளைக் காட்டும் கருவியே பிழைநீக்கி. ரிச்சர்டு ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜிடிபி இவ்வகையில் பரவலாகப் பயன்படுவதாகும். செயலிகள் சந்தையிலிருந்து மறைந்த பின்னும், அவற்றைக் கொண்ட கருவிகள் பல்லாண்டுகள் உழைக்கின்றன. அவற்றில் இயங்கும் நிரலின் மூலம் தொலைந்துவிட்டால், அந்நிரலின் நடத்தையை அறியப் பிழைநீக்கியே முதன்மையான துணையாகிறது. எனவே, எந்தச் செயலிக்கான ஆதரவு எக்காரணத்தால் நீக்கப்படுகிறது என்பது ஆராயத்தக்கது.

ஆதரவு என்பது யாது?

ஒரு செயலியை ஆதரிப்பது என்பது, அதனைப் பற்றிய சில வினாக்களுக்கான விடைகளை நிரலாக எழுதிவைப்பதாகும். பதிவகங்கள் எத்தனை? பல பைட்டுகள் கொண்ட எண்ணில் எந்தப் பைட்டு முதலில் வரும்? ஒரு செயற்கூறு, தன்னை அழைத்த இடத்திற்குத் திரும்புவதற்கான முகவரியை எங்கே வைக்கிறது? நிறுத்தப்புள்ளியில் எந்தக் கட்டளையை இடவேண்டும்?

இறுதி வினாவைச் சான்றாகக் கொள்ளலாம். பயனர் குறித்த இடத்திலுள்ள கட்டளையை எடுத்துவைத்துவிட்டு, நிறுத்தும் கட்டளை ஒன்றை ஜிடிபி அங்கே எழுதுகிறது. இன்டெல் 386 குடும்பத்தில் அது 204 என்னும் மதிப்புடைய ஒரே பைட்டு. வேக்ஸில் 3 என்னும் ஒரே பைட்டு. மோட்டோரோலா 68000 குடும்பத்தில் 78, 79 என்னும் இரு பைட்டுகள். இன்டெல் செயலி அக்கட்டளையை நிறைவேற்றியபின் ஒரு பைட்டு தாண்டி நிற்கும். ஆகவே நிரல்முகவரியை ஒன்று குறைத்தாக வேண்டும். இத்திருத்தம் விடுபட்டால், நிரல் தவறான இடத்திலிருந்து தொடரும். பிழை பிழைநீக்கியில் இருக்க, பயனரோ அதனைத் தம் நிரலில் தேடிக்கொண்டிருப்பார்.

இவ்விடைகள் தொடக்கத்தில், ஜிடிபியைத் தொகுக்கும்போதே நிலைபெற்றுவிடும் மேக்ரோக்களாக இருந்தன. பின்னர், இயங்கும்போதே தேர்ந்துகொள்ளத்தக்க ஜிடிபிஆர்ச் என்னும் கட்டமைப்புக்கு மாற்றப்பட்டன. இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றின்போதும் ஒவ்வொரு செயலிக்கான நிரலையும் எவரேனும் திருத்திச் சோதிக்க வேண்டியுள்ளது.

நீக்கமும் நிலைப்பும்

2000களின் தொடக்க வெளியீடுகளில், கவனிப்பாரற்ற செயலிகள் முதலில் வழக்கொழிந்தவை எனக் குறிக்கப்பட்டன. எவரும் முன்வராவிடில் அடுத்த வெளியீட்டில் மூலநிரல் நீக்கப்படும் என்னும் அறிவிப்பும் உடன் வந்தது. கான்வெக்ஸ், பிரமிட், தாஹோ ஆகியவற்றுக்கான ஆதரவு அக்காலத்தில் நீக்கப்பட்டது.

செல் செயலியின் நிலை வேறு. அதில் பவர்பிசி மையக்கூறு ஒன்றும், தனிக் கட்டளைத் தொகுதியும் 256 கிலோபைட்டு உள்நினைவகமும் உடைய துணைக்கூறுகளும் இருந்தன. ஒரே பயன்பாட்டுக்குள் இருவகைச் செயலிகள் இயங்கியமையால், அவ்விரண்டையும் ஒருங்கே பின்தொடரும் ஏற்பாடு தேவைப்பட்டது. பயன்படுத்துவோர் குறைந்தபின் இச்சிக்கலைத் தாங்குவதற்குக் காரணம் இல்லாது போயிற்று. வேக்ஸுக்கான நிரலோ சிறியது. பெரும்பாலும் தனித்து நிற்பது. நெட்பிஎஸ்டி இயங்குதளம் வேக்ஸிலும் 68000 குடும்பத்திலும் இயங்குவதால், அவற்றுக்கான கருவிகளை நாடுவோரும் உள்ளனர்.

சோதிக்கும் வழிகள்

2017இல் வெளிவந்த 8ஆம் பதிப்பைத் தொகுக்கவே சி++11 தேவைப்பட்டது. எனவே, பழைய கணினியிலேயே புதிய ஜிடிபியைத் தொகுப்பது பெரும்பாலும் அரிது. ஆனால், ஜிடிபி இயங்கும் கணினியும் ஆராயப்படும் கணினியும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. பழைய கருவியில் ஒரு சிறு நிரல்துண்டு மட்டும் இருந்தால், தொடர்வடம் வழியாகத் தொலைநெறிமுறையில் உரையாடலாம்.

கருவியே கிடைக்காதபோது, பழைய செயலியைப் போல நடந்துகாட்டும் மென்பொருள்கள் உதவுகின்றன. 68000 குடும்பத்துக்குக் கியூஎமுவும் வேக்ஸுக்குச் சிம்ஹெச்சும் உள்ளன. கியூஎமுவுடன் ஜிடிபி அதே தொலைநெறிமுறையில் இணைகிறது. எனினும், அம்மென்பொருளை எழுதியவர் செயலியைப் புரிந்துகொண்ட அளவிற்கே இச்சோதனை நம்பத்தக்கது.

முடிவுரை

கட்டற்ற உரிமம் பழைய பதிப்பின் மூலநிரலை எவரும் வைத்துக்கொள்ள இடமளிக்கிறது; ஆயினும் அப்பதிப்பு புதிய தொகுப்பிகளில் தொகுக்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. மறுபுறம், சோதனையின்றி விடப்படும் நிரல் தொகுக்கப்பட்டாலும் தவறான மதிப்பைக் காட்டக்கூடும். இது ஆதரவின்மையினும் தீங்கானது. ஆகவே, பழைய செயலியைச் சார்ந்திருப்போர் ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் சோதித்து, முடிவுகளைப் பராமரிப்பாளர்க்குத் தெரிவிப்பதே அதற்கான ஆதரவைக் காக்கும் நேரிய வழியாகும். நீக்க அறிவிப்பு வந்தபின் எழுப்பும் மறுப்பைவிட, முன்னரே அனுப்பிய ஒரு சோதனை அறிக்கை பெரிதும் பயன்தரும்.