மடித்தால் மூட்டை, விரித்தால் சைக்கிள்!
புவனகிரி வட்டாரத்தை இரண்டு சக்கரத்தில் சுற்றிப் பார்க்கலாம்

சிதம்பரம் ரயில் நிலையத்தில் ஒருவர் இறங்குகிறார். கையில் ஒரு மூட்டை. சுமார் இரண்டு அடி உயரம். ஓரடி அகலம்கூட இல்லை. பார்த்தால் துணி மூட்டை போலத் தெரிகிறது.

நிலையத்துக்கு வெளியே வந்து உறையைக் கழற்றுகிறார். ஒரு கீலைத் திருப்புகிறார். இன்னொன்றை இழுத்து மாட்டுகிறார். இருக்கையை உயர்த்துகிறார். அரை நிமிடம் ஆகியிருக்குமா? அதற்குள் மூட்டை மறைந்து, முழு சைக்கிள் நிற்கிறது!

இதுதான் மடக்கு சைக்கிள். லண்டன், கோபன்ஹேகன், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஐரோப்பிய நகரங்களில் இதை எங்கும் காணலாம். ரயிலில் கொண்டுபோய், இறங்கிய இடத்தில் விரித்து, கால்வாய்க் கரைகளையும் அரண்மனைகளையும் பழைய தெருக்களையும் பார்த்துவிட்டு, மாலையில் மறுபடி மடித்துக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள்.

ஐரோப்பாவில் முடிவது புவனகிரியில் முடியாதா? தாராளமாக முடியும். இங்கே பார்க்க வேண்டியவையும் ஏராளம்.

போர்க்களத்தில் பிறந்த வண்டி

மடக்கு சைக்கிள் இன்று நேற்று வந்ததல்ல. முதலில் அதை விரும்பியவர்கள் ராணுவத்தார். இரண்டாவது உலகப் போரில் பாரசூட் மூலம் குதித்த பிரிட்டிஷ் வீரர்கள், இரண்டாக மடியும் சைக்கிள்களையும் கூடவே கொண்டுபோனார்கள். தரையில் இறங்கியதும் விரித்து ஏறிக்கொள்வார்கள்.

போர் முடிந்தது. வண்டி ஊருக்குள் வந்தது. 1975-ம் ஆண்டு வாக்கில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர், தம் வீட்டு அறையிலேயே புதிய மாதிரி ஒன்றைச் செய்யத் தொடங்கினார். ஜன்னலுக்கு எதிரே பிராம்ப்டன் என்ற பெயர் கொண்ட தேவாலயம். வண்டிக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சக்கரம் 16 அங்குலம்தான். எடை ஏறக்குறைய 12 கிலோ.

சக்கரம் சிறியதாயிற்றே, வேகம் போகுமா என்று சிலர் கேட்பார்கள். பெடலைச் சுற்றினால் பின்சக்கரம் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதைப் பல்சக்கரங்கள் தீர்மானிக்கின்றன. சக்கரம் சிறியதானால் அதைக் கூடுதலாகச் சுற்றும்படி பல்சக்கரத்தை அமைத்துவிடுகிறார்கள். ஆகவே வேகம் குறைவதில்லை. குண்டும் குழியுமான பாதையில் மட்டும் சிறிய சக்கரம் அதிகமாகக் குலுங்கும். அங்கே நிதானம் வேண்டும்.

கோட்டையாக நின்ற கோயில்

பயணம் சிதம்பரத்தில் தொடங்குகிறது. ரயில் நிலையத்திலிருந்து நடராஜர் கோயில் சிறிது தூரம்தான். கோயிலைச் சுற்றி நான்கு தேர் வீதிகள்: கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி. தேர் ஓட வேண்டும் என்பதற்காக அகலமாக அமைந்தவை. முதலில் இந்த நான்கையும் ஒரு சுற்றுச் சுற்றினால், நான்கு கோபுரங்களையும் நான்கு கோணங்களில் பார்த்துவிடலாம்.

உள்ளே போனால் கோபுர வாயில்களில் நாட்டியச் சிற்பங்கள். பரத சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களையும் கல்லிலே வடித்திருக்கிறார்கள். பொன் வேய்ந்த கூரையின் கீழ் நடராஜர். ஓரிடத்தில் நின்றால், நடராஜரையும் பள்ளிகொண்ட கோவிந்தராஜப் பெருமாளையும் சேர்த்தே தரிசிக்கலாம்.

இந்தக் கோயில் ஒரு காலத்தில் போர்க்கோட்டையாக இருந்தது என்றால் நம்ப முடிகிறதா? உண்மைதான். உயர்ந்த மதில்களைக் கண்ட படைகள், பதினெட்டாம் நூற்றாண்டில் இதைக் கோட்டையாகவே பயன்படுத்தின. 1781-ம் ஆண்டு ஜூன் மாதம், ஹைதர் அலியின் வீரர்கள் உள்ளே இருந்தார்கள். ஆங்கிலத் தளபதி ஐர் கூட் வெளியே இருந்து தாக்கினார். மதிலைத் தாண்ட முடியவில்லை. தோற்றுத் திரும்பினார். அந்தக் கதையின் மறுபாதி பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. அங்கே போகுமுன் புவனகிரி.

சிதம்பரத்தை விடுமுன் வயிற்றையும் கவனிக்க வேண்டும். கத்தரிக்காய் கொத்சு இந்த ஊரின் தனிச் சொத்து. இட்லியும் கொத்சும் சாப்பிட்டவனுக்கு எட்டு கிலோமீட்டர் பெரிதா?

வீணை வாசித்த மகான்

சிதம்பரத்திலிருந்து வடமேற்கே ஏழெட்டு கிலோமீட்டர். சாதாரணமாக மிதித்தால் முக்கால் மணி நேரம். இரு பக்கமும் வயல்கள். மேடு பள்ளம் இல்லாத சமவெளி. வழியில் வெள்ளாறு குறுக்கிடுகிறது. பாலத்தைத் தாண்டினால் புவனகிரி.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு வெள்ளாறு ஒரு கணக் காட்சி. சைக்கிளில் போகிறவர் பாலத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்று பார்க்கலாம். மழைக் காலத்தில் கரை தொட்டு ஓடும் ஆறு, கோடையில் மணல் வெளியாகக் கிடக்கும். மேற்கே மலைகளில் பிறந்து வரும் இந்த ஆறு, இன்னும் சில கிலோமீட்டர் கிழக்கே போனால் கடலில் கலந்துவிடும்.

புவனகிரி சிறிய ஊர்தான், பெருமை பெரியது. 1595-ம் ஆண்டு இங்கே வேங்கடநாதன் என்ற குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் உலகம் போற்றிய ராகவேந்திர சுவாமிகள் இவரே. வறுமையில் வாழ்ந்தவர், வீணையில் வல்லவர், கும்பகோணத்தில் சுதீந்திர தீர்த்தரிடம் கல்வி கற்றார். 1621-ல் துறவு பூண்டு பீடமேறினார். 1671-ல் துங்கபத்திரைக் கரையில் மந்திராலயத்தில் பிருந்தாவனம் புகுந்தார். மந்திராலயம் போகிற தமிழர்கள் ஆயிரமாயிரம் பேர். அவர் பிறந்த ஊரிலும் அவருக்குக் கோயில் உண்டு.

புவனகிரிக்கு இன்னொரு பெயரும் உண்டு: நெசவாளர் ஊர். கைத்தறி இங்கே பழைய தொழில். தறிச் சத்தம் மோட்டார் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் காதில் விழாது. சைக்கிளுக்கு என்ஜின் கிடையாது. அதனால் தெருவின் ஓசை எல்லாம் காதில் விழும்.

அருகிலுள்ள மருதூரையும் மறக்கக்கூடாது. 1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி வள்ளலார் ராமலிங்க அடிகள் பிறந்த ஊர் அது. வடலூரில் 1867-ல் அவர் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. வந்தவர்க்கெல்லாம் சோறு! மகான்கள் இருவர் பக்கத்துப் பக்கத்தில் பிறந்திருக்கிறார்கள்.

ஹைதரின் செருப்பு

புவனகிரியிலிருந்து கிழக்கே பு.முட்லூர் வழியாகப் போனால் பரங்கிப்பேட்டை. சுமார் 15 கிலோமீட்டர். வர வர காற்றில் உப்பு வாடை ஏறும். கடல் நெருங்குகிறது என்று மூக்கே சொல்லிவிடும்.

போர்ச்சுக்கீசியர் இதைப் "போர்ட்டோ நோவோ" என்றார்கள். புதிய துறைமுகம் என்று பொருள். முஸ்லிம் வணிகர்களுக்கு இது "மஹ்மூது பந்தர்". தமிழருக்குப் பரங்கிப்பேட்டை. ஒரே ஊருக்கு மூன்று பெயர்! எத்தனை கப்பல், எத்தனை மொழி இங்கே வந்து போயிருக்கும்!

சிதம்பரத்தில் தோற்ற ஐர் கூட், இந்த ஊர்ப் பக்கம் வந்து தங்கினார். ஹைதர் அலி பெரும் படையோடு எதிரே வந்தார். 1781-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி போர் மூண்டது. ஆங்கிலப் படையில் சுமார் எட்டாயிரம் பேர். ஹைதரிடம் அதைப்போல் பல மடங்கு. ஆயினும் அன்று வென்றது ஆங்கிலப் படை.

ஹைதர் மேடான இடத்தில் ஆசனம் போட்டு அமர்ந்து போரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். தோல்வி உறுதியான பிறகும் எழுந்திருக்க மறுத்தாராம். கடைசியில் குதிரைக்காரன் ஒருவன் அவர் கால்களைப் பிடித்துச் செருப்பை மாட்டி, குதிரையில் ஏற வைத்தானாம். வில்க்ஸ் என்ற வரலாற்றாசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

உருக்கு உலகம் ஏமாற்றிய மனிதர்

பரங்கிப்பேட்டையில் நடந்த இன்னொரு கதை பலருக்குத் தெரியாது. இந்தியாவில் மேல்நாட்டு முறையில் பெரிய அளவில் இரும்பு உருக்க முதன்முதலில் முயன்ற இடங்களில் ஒன்று இது!

ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830-ம் ஆண்டு வாக்கில் இங்கே உலை அமைத்தார். சேலத்து மண்ணில் நல்ல இரும்புக் கனி இருந்தது. கடற்கரையில் உலை இருந்தால் கப்பலில் ஏற்றுவது சுலபம். இதுதான் அவர் கணக்கு. இங்கே உருக்கிய இரும்பு இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரம் வரை போனது.

ஆனால் உலைக்கு நிலக்கரி இல்லை, விறகுக் கரிதான். காடு வெட்ட வெட்டத் தொலைவுக்குப் போனது. கரியின் விலை ஏறியது. கனியும் நெடுந்தூரம் வர வேண்டும். தொழில் நஷ்டத்தில் மூழ்கியது.

ஹீத் இங்கிலாந்து திரும்பினார். உருக்கில் மாங்கனீசு சேர்த்தால் தரம் உயரும் என்று கண்டு, 1839-ல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு முதலாளிகள் பலர் அந்த வழியில் சிறு மாற்றம் செய்துகொண்டு, அவருக்குப் பணம் தராமலே லாபம் பார்த்தார்கள். வழக்கு ஆண்டுக் கணக்கில் நடந்தது. கையில் இருந்ததும் கரைந்தது. 1851-ல் அவர் ஏழையாக இறந்தார்.

வழக்கு தோற்கலாம், உண்மை தோற்கவில்லை. இன்றும் உருக்கு ஆலைகளில் மாங்கனீசு சேர்க்கிறார்கள். சைக்கிளின் இரும்புச் சட்டத்திலும் அது இருக்கிறது! பரங்கிப்பேட்டைத் தெருவில் மிதிப்பவர் இதை நினைத்துப் பார்க்கலாம்.

இதே ஊரில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையமும் இருக்கிறது. வெள்ளாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் அதற்குத் திறந்தவெளிப் பாடசாலை.

மறுபடி மூட்டை, மறுபடி சைக்கிள்

பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே வெள்ளாறு. அக்கரையில் கிள்ளை. இங்கேதான் மடக்கு சைக்கிளின் மகிமை! பரங்கிப்பேட்டை ரயில் நிலையத்தில் மடித்துவிட வேண்டியது. அடுத்த நிலையம் கிள்ளை. இறங்கி விரித்துவிட வேண்டியது. பாசஞ்சர் ரயில் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கிள்ளையிலிருந்து பிச்சாவரம் பக்கம்தான். தண்ணீரிலேயே வளரும் சதுப்புநிலக் காடு. நூற்றுக்கணக்கான சிறு கால்வாய்கள். படகில் போனால் இருபுறமும் மரங்கள் கவிந்து பந்தல் போடுகின்றன. எம்.ஜி.ஆர். நடித்த "இதயக்கனி" படத்தில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அழகுக்காக மட்டும் நிற்கும் காடல்ல இது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்தது. அலையின் வேகத்தை மரங்களும் வேர்களும் தாங்கிக்கொண்டன. 2022-ல் உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் பிச்சாவரம் இடம் பெற்றது.

பிச்சாவரத்திலிருந்து சிதம்பரத்துக்குச் சுமார் 15 கிலோமீட்டர். வட்டம் முடிந்தது. ஒரே நாளில் முடிக்க நினைத்தால் அவசரமாகும். இரண்டு நாள் வைத்துக்கொண்டால் உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

கவனிக்க வேண்டியவை

விடியற்காலையில் கிளம்ப வேண்டும். பகல் 11 மணிக்கு மேல் வெயில் கொளுத்தும். அப்போது நிழலில் ஒதுங்கிவிட வேண்டும். தண்ணீர் கட்டாயம். பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப்பம்பும் இருக்கட்டும். சிறிய சக்கரத்தின் டியூப் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. ஒன்றை உபரியாக எடுத்துச் செல்ல வேண்டும்.

பெரிய சாலையில் லாரியும் பஸ்ஸும் விரைகின்றன. பாலங்களில் இடப்பக்கம் ஒட்டி, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். இருட்டியபின் சவாரி வேண்டாம்.

வாசலில் நிற்கும் வண்டி

மடக்கு சைக்கிளுக்கு விலை அதிகம். எல்லோராலும் வாங்க முடியாது. அதனால் என்ன? சாதாரண சைக்கிளில் வெள்ளாற்றுப் பாலம் தாண்ட முடியாதா?

1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துப் படித்த கிராமத்துப் பெண்கள், கூடவே சைக்கிளும் படித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள்! கேலி பேசியவர்கள் ஓய்ந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் தாங்களே சந்தைக்கும் வேலைக்கும் போனார்கள். பெயர்ப் பலகை படிக்கத் தெரிந்தது. அந்த ஊருக்குப் போகவும் வழி கிடைத்தது.

பின்னர் தமிழக அரசு பள்ளி மாணவ மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வழங்கியது. கிராமத்து வீடுகளின் வாசலில் அவை நிற்கின்றன. திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை?

லண்டன்காரர் மூட்டையில் மடித்துக்கொண்டு வந்து பிச்சாவரத்தைப் பார்க்கிறார். புவனகிரிப் பிள்ளை பாடப் புத்தகத்தில் ஹைதர் அலியைப் படிக்கிறது; அவர் போரிட்ட மண் 15 கிலோமீட்டரில் இருப்பது அதற்குத் தெரியாமல் போகலாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து கிளம்பட்டும். அம்மாவும் ஒரு வண்டியில் ஏறட்டும். கட்டுச்சோறு இருந்தால் போதும். சொந்த ஊரைப் பார்க்கக் காசு வேண்டாம். கால் இரண்டும், காற்று நிரம்பிய சக்கரம் இரண்டும் இருந்தால் போதும்!