பீடத்தடியில் கிடைத்த காசும் ஆலயத்தின் வயதும்

கடல் கடந்து வந்த நம் முன்னோர்கள், தமக்கென ஒரு கூரையை வேய்ந்து கொள்வதற்கு முன்பே அம்மனுக்கு ஒரு சூலத்தை ஊன்றினார்கள் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ராசா, பத்தாங் காலி, களும்பாங் தொடங்கி மேற்கே பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் வரை பரவியிருந்த ரப்பர்த் தோட்டங்களில், மரத்தடியில் நட்ட அந்தச் சூலங்களே பின்னாளில் மாரியம்மனாகவும் காளியம்மனாகவும் முனீஸ்வரராகவும் ஆலயங்கொண்டு அருள்பாலித்தன. ஆயினும், "உங்கள் ஆலயம் எந்த ஆண்டில் தோன்றியது?" என்று எவரேனும் வினவினால், பெரும்பாலான நிர்வாகத்தினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்வதே வழக்கமாக உள்ளது. ஏடும் இல்லை, கல்வெட்டும் இல்லை. கட்டியவர்களுள் பலர் எழுத்தறியாதவர்கள். எழுத்தறிந்த கிராணிமார்களோ, மரத்து எண்ணிக்கையையும் பால் எடையையும் குறித்தார்களேயன்றி, லயத்துக்குப் பின்னால் எழும்பிய கோவிலைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

முன்பு இது வெறும் பெருமைக்குரிய கேள்வியாக இருந்தது. தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்ட இக்காலத்தில், ஆலயத்தின் வயது என்பது அதன் நிலத்தோடு தொடர்புடைய கேள்வியாகிவிட்டது. அலுவலகங்களுக்குச் செல்லும்போது கேட்கப்படும் முதல் கேள்வியும் அதுவே. ஆகவேதான், எங்கள் ஆலயத் திருப்பணியின்போது கிடைத்த சில காசுகளைப் பற்றி, நம் வட்டார ஆலய நிர்வாகத்தினருக்கும் பக்தப் பெருமக்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இதனை எழுதத் துணிந்தேன்.

செம்புக்குள் இருந்த ஐந்து காசுகள்

பாலஸ்தாபனம் செய்து முடித்து, மூலஸ்தானத்துப் பழைய பீடத்தைப் பெயர்த்தபோது, சுண்ணாம்புப் பூச்சின் அடியில் கையளவேயான ஒரு பித்தளைச் செம்பு அகப்பட்டது. உள்ளே கருகிப்போன நவதானியம், மடங்கிய ஒரு செப்புத் தகடு, அவற்றோடு ஐந்து காசுகள். திருமேனியைப் பிரதிஷ்டை செய்யுமுன் யந்திரத் தகட்டுடன் நவரத்தினம், பஞ்சலோகம், பொன், காசு ஆகியவற்றை இட்டு அதன்மேல் அஷ்டபந்தனம் சாத்துவது நம் மரபு. நவரத்தினத்துக்கு வழியில்லாத தோட்டத்து மக்கள், தம் மடியில் இருந்ததையே இரத்தினமாக இட்டிருக்கிறார்கள் போலும்.

ஐந்தில் மூன்று, மூலைகள் மழுங்கிய சதுரச் செப்புக் காசுகள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்தவை. ஒன்றில் 1919, இரண்டில் 1920. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வெளியிட்ட ஒரு காசு இது. அதுவரை வட்டமாக இருந்த ஒரு காசு 1919 ஆம் ஆண்டில்தான் சதுர வடிவம் பெற்றது. நம் சிலாங்கூர் உள்ளிட்ட மலாய் மாநிலங்களிலும் இதுவே புழங்கியது. நான்காவது, 1912 ஆம் ஆண்டின் இந்தியக் காலணா. ஐந்தாவது, சின்னஞ்சிறிய வெள்ளிப் பத்துக் காசு, ஆண்டு 1926.

இவற்றின் விலை என்ன என்பதே எல்லாரும் முதலில் கேட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். அன்றைக்கு இவை என்ன பெறுமானம் உடையவை என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 1920களின் பிற்பகுதியில் சிலாங்கூர்த் தோட்டங்களில் அரசு வகுத்திருந்த நாட்கூலி ஆணுக்கு ஏறத்தாழ 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அப்படியானால் அந்தப் பத்துக் காசு, விடியுமுன் பிரட்டுக்கு நின்று பால் வெட்டிய ஒரு பெண்ணின் நாட்கூலியில் நாலில் ஒரு பங்கு. அதைப் பூமிக்குள் போட்டு மூடியிருக்கிறார்கள்.

காலணாவின் கதை வேறு. அது இங்கே செல்லாத காசு. முதல் உலகப் போருக்கு முன் இங்கத்திய ஒரு வெள்ளிக்கு இந்திய ரூபாய் ஒன்றே முக்கால் கிடைத்தது. அந்தக் கணக்கில் காலணா என்பது இங்கத்திய ஒரு காசுக்கும் சற்றுக் குறைவுதான். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய எவரோ, செலவழிக்கவும் முடியாமல் எறியவும் மனமில்லாமல் முடிந்து வைத்திருந்து, கடைசியில் அம்பாள் காலடியில் சேர்த்திருக்க வேண்டும். ஐந்து காசுகளிலும் என் மனத்தைத் தொட்டது அதுவே.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ரிங்கிட்டை நாம் இன்றும் "வெள்ளி" என்றே சொல்கிறோம் அல்லவா? 1903, 1904 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டுக்கென வெளியான ஒரு வெள்ளி நாணயம் உண்மையிலேயே பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. இங்கு புழங்கிய மெக்சிகோ வெள்ளிகளையும் பிரிட்டிஷ் வணிக வெள்ளிகளையும் கப்பலில் பம்பாய்க்கு அனுப்பி, உருக்கி, அங்குள்ள நாணயச் சாலையில் புதிதாக அடித்துக் கொண்டு வந்தார்கள். நம்மவர்கள் வந்த கடல் வழியிலேயே நம் கூலிப் பணமும் போய்த் திரும்பியிருக்கிறது.

காசு சொல்வதும் சொல்லாததும்

காசில் உள்ள ஆண்டையே ஆலயத்தின் ஆண்டாக எடுத்துக் கொள்வது நம்மவரிடையே காணப்படும் வழக்கம். அது சரியன்று. 1912 ஆம் ஆண்டுக் காலணா கிடைத்தது என்பதால் ஆலயம் 1912 இல் கட்டப்பட்டது என்று கூற முடியாது. காசு பல்லாண்டு கைமாறிப் புழங்கும் பொருள். ஒரே இடத்தில் ஒன்றாக மூடப்பட்டிருந்த காசுகளுள் எது மிகப் பிந்தியதோ, அதுவே நமக்குக் கணக்கு. எங்கள் செம்பில் மிகப் பிந்தியது 1926. எனவே அந்தப் பீடம் 1926க்கு முன்னர் அமைக்கப்பட்டிருக்க முடியாது. அதற்குப் பின்னர் எத்தனை ஆண்டு கழித்து என்பதைக் காசின் தேய்மானத்தைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். எங்கள் பத்துக் காசில் மன்னரின் கிரீடத்து வேலைப்பாடு கூர்மையாகவே இருந்தது. நெடுங்காலம் கைபட்டதாகத் தெரியவில்லை. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலையோடு 1939 முதல் வந்த மலாயாச் சதுரக் காசு ஒன்றுகூட உள்ளே இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

அதே வேளையில், பீடத்தின் வயது வேறு. வழிபாட்டின் வயது வேறு. சூலமும் செங்கல்லும் மட்டும் இருந்த காலத்தைக் காசு அறியாது. அதற்குத் தோட்டத்தின் பழைய வரைபடம், தோட்டத்து இடுகாட்டுக் கல்லறைகள், பிறப்புப் பத்திரத்தில் எழுதப்பட்ட தோட்டத்தின் பெயர், மூத்தோர் வாய்மொழி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் விண்ணப்பத்தில் "நடப்பிலிருந்த பீடம் 1926க்குப் பிந்தையது, வழிபாடு அதற்கும் முந்தையது என்பது மூத்தோர் வாக்குமூலம்" என்று இரண்டாகவே பிரித்து எழுதினோம். குறைத்துச் சொல்கிறீர்களே என்று வருந்தியவர்களும் உண்டு. அலுவலகத்தில் காட்டும் தாளில், காட்ட முடிந்ததை மட்டும் எழுதுவதே ஆலயத்துக்குப் பாதுகாப்பு என்பது என் கருத்து.

இராமர் காசு

இந்தச் செய்தி பரவியதும், ஆலயத்தின் நலம் நாடும் பெரியவர் ஒருவர் தம் குடும்பத்துப் பூஜையறையில் இருந்த ஒரு செப்புக் காசைக் கொண்டு வந்து கொடுத்தார். ஒருபுறம் சீதா பிராட்டியுடன் இராமபிரான் பட்டாபிஷேகக் கோலம். மறுபுறம் ஆங்கிலத்தில் "கிழக்கிந்தியக் கம்பெனி, ஓர் அணா, 1717". "ஐயா, இதையும் சேர்த்து முந்நூறு ஆண்டுப் பழைமை என்று மலரிலே போட்டு விடலாமே!" என்று நிர்வாகத்தில் சிலர் மகிழ்ந்தனர்.

இத்தகைய காசுகள் தமிழ்நாட்டிலும் இந்நாட்டிலும் ஏராளம். 1616, 1717, 1818, 1839 எனப் பல ஆண்டுகளைத் தாங்கியும், இராமர், அனுமன், இலட்சுமி எனப் பல திருவுருவங்களோடும் வருகின்றன. இவை கம்பெனி வெளியிட்ட நாணயங்கள் அல்ல. 1616 ஆம் ஆண்டில் கம்பெனியாரிடம் சென்னைப்பட்டினமே இல்லை. அந்த இடம் அவர்களுக்குக் கிடைத்தது 1639 இல். இந்தியா முழுமைக்குமான ஒரே சீரான நாணயத்தைக் கம்பெனி கொண்டு வந்தது 1835 இல். அதிலும் செம்பில் அரை அணாவும் காலணாவும் அதற்குச் சிறியதும் உண்டேயன்றி ஓர் அணா கிடையாது. ஓர் அணா நாணயம் பொதுப் புழக்கத்துக்கு வந்தது ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்தில், 1907 வாக்கில்; அது செம்பும் நிக்கலும் கலந்த, அலையலையான விளிம்புடைய காசு.

சுவாமி உருவம் இருப்பதனாலேயே போலி என்று தள்ளிவிடவும் கூடாது. சென்னையில் கம்பெனியார் அடித்த வராகன்களில் திருமாலும் தேவியரும் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவற்றில் ஒருபுறம் கோபுரமும் மறுபுறம் விஷ்ணுவும் உண்டு. பட்டாபிஷேகக் காசுகளோ பூஜைக்கென்றே செய்யப்பட்டு, தீர்த்த யாத்திரை சென்றவர்கள் வாங்கி வந்தவை. பழைய நாளில் பொன்னிலும் வெள்ளியிலும் நேர்த்தியாகச் செய்யப்பட்டவை இன்று சேகரிப்போரால் போற்றப்படுகின்றன. ஆகவே, பெரியவரின் காசு பூஜைக்குரியதே. அதை வணங்குவதில் யாதொரு குறையும் இல்லை. ஆண்டுக் கணக்குக்கு மட்டும் அது உதவாது. அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, தாம்பாளத்தில் வைத்துக் குங்குமத்தோடு அவரிடமே திருப்பித் தந்தோம்.

இக்காசுகளைக் கொண்டு நடக்கும் வேறொரு கொடுமையும் உண்டு. "இது அரிசியை இழுக்கும் காசு, இதில் இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டார் கோடிக்கணக்கில் தருவார்கள்" என்று சொல்லி, சோதனைக் கட்டணம் என்றும் முன்பணம் என்றும் வாங்கி ஏமாற்றும் கும்பல்கள் இந்தியாவில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. காசுக்குள் காந்தத்தை மறைத்து, அரிசியில் இரும்புத் துகளைப் பூசிக் காட்டும் வித்தை அது. இரிடியம் இருப்பதாக நம்பித் தமிழ்நாட்டில் கோபுரக் கலசங்களையே களவாடியிருக்கிறார்கள். உங்கள் வீட்டு அரிசியை நீங்களே எடுத்து வந்து வையுங்கள். ஒரு மணியும் அசையாது.

விலை என்ன?

எங்கள் சதுரக் காசுகள் அரியவை அல்ல, கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. வெள்ளிப் பத்துக் காசும் பெரிய விலை போகாது. காசின் விலையை வயது தீர்மானிப்பதில்லை. எத்தனை எஞ்சியுள்ளன, எவ்வளவு தேயாமல் உள்ளன என்பவையே தீர்மானிக்கின்றன. இதற்குச் சுவையான சான்று 1911 ஆம் ஆண்டு இந்திய ரூபாய். மன்னர் அணிந்த மாலையில் இருந்த யானையின் துதிக்கை குட்டையாக அமைந்து பன்றிபோல் தோன்றியதால் மக்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. வெளியிடாமல் இருந்தவற்றைத் திரும்பப் பெற்று உருக்கி, அடுத்த ஆண்டு யானையைத் திருத்தி அடித்தார்கள். ஆகவே 1911 இன் ரூபாய்க்கு, 1912 இன் ரூபாயைவிட மதிப்பு மிகுதி.

பாட்டிமார் காசுமாலையில் உள்ள பழைய ரூபாய்க்கு, சேகரிப்போர் விலை இல்லையெனினும் வெள்ளி விலையேனும் உண்டு. ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. விற்பதானால் உருக்கும் கடையில் கொடுக்குமுன் ஆண்டைப் பார்த்துக் கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. பழங்காசு கிடைத்தால் நம்மவர் கை உடனே புளியையும் எலுமிச்சையையும் திருநீற்றையும் தேடிப் போகிறது. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்போர் தொடவும் மாட்டார்கள், ஆண்டெழுத்தும் மழுங்கிவிடும். வெறும் தண்ணீரில் நனைத்து, துணியில் ஒற்றி எடுத்தாலே போதும்.

யாருக்கு உரியது?

2020 ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் அகிலாண்டேசுவரி ஆலயத்தில் மண்ணைத் தோண்டியபோது, பித்தளைப் பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. மொத்த எடை 1.716 கிலோ. சராசரியாக வகுத்தால் ஒரு காசு 3.4 கிராம், வராகன் என்னும் தென்னாட்டுப் பொன்னின் எடையும் ஏறத்தாழ அதுவே. அவை அரசு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் உத்திரமேரூர்க் குழம்பேசுவரர் ஆலயத் திருப்பணியில் கருவறைப் படிக்கற்களின் அடியில் பொன் கிடைத்தபோது நடந்ததோ வேறு. முன்னோர் இட்டதை மீண்டும் அங்கேயே இட்டுக் கும்பாபிஷேகம் செய்வோம் என்று ஊர் மக்கள் மறுத்தார்கள். நெடிய பேச்சுக்குப் பின்னரே அது கருவூலத்துக்குச் சென்றது. சட்டம் அதிகாரிகள் பக்கம் என்றாலும், அந்த மக்களின் மனத்தை நம்மால் உணர முடிகிறது.

நம் நாட்டில் 2005 ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம், முன்பிருந்த புதையல் சட்டத்துக்கும் தொல்பொருள் சட்டத்துக்கும் பதிலாக வந்தது. பாரம்பரிய மதிப்புடையது எனக் கருதத்தக்க பொருள் கிடைத்தால், பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவித்தாக வேண்டும். ஐந்து காசுதானே என்று விட்டுவிடாமல், நாங்கள் படங்களுடன் கடிதமாகவே மாவட்ட அலுவலகத்தில் சேர்த்து, பெற்றுக்கொண்ட முத்திரையிட்ட நகலைக் கோப்பில் வைத்திருக்கிறோம். ஆலயம் அங்கே இருக்கிறது என்பதற்கு அந்த முத்திரையும் ஒரு சான்றாகிவிட்டது.

காசுகளைக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாம் என்றனர் இளைஞர்கள். அம்பாளுக்கு இட்டதை எடுப்பது முறையன்று என்றனர் மூத்தோர். எடையும் அளவும் எழுதி, இருபுறமும் படமெடுத்து, ஒரு பிரதியை ஆலயத்திலும் ஒன்றை உறுப்பினர் இல்லத்திலும் வைத்தபின், ஐந்தையும் அதே செம்பில் இட்டுப் புதிய பீடத்துக்குள் சேர்ப்பதென்று பொதுக்கூட்டத்தில் முடிவாயிற்று. யந்திர ஸ்தாபனத்தன்று அவற்றோடு இவ்வாண்டு பொறித்த 50 சென் காசு ஒன்றையும், ஆலயத்தின் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி ஆகியவற்றைத் தமிழிலும் மலாயிலும் வெட்டிய செப்புத் தகட்டையும் சேர்த்து வைத்தோம். பூச்சுப் பூசுவதற்குச் சற்று முன் வரிசையில் நின்ற பெண்மணி ஒருவர், தம் கைப்பையைத் துழாவி ஓர் இந்திய ரூபாய்க் காசை எடுத்து, "போன வருஷம் ஊருக்குப் போனப்ப மிஞ்சினது, போடலாமா?" என்று கேட்டார். குருக்கள் வாங்கி உள்ளே இட்டார்.