கொல்லைக் குளத்தில் நீர்க்கசிவு: அறிதலும் அடைத்தலும்

வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் வீட்டுக் கொல்லையில் சிறு குளம் ஒன்று இருப்பது வழக்கம். குடும்பத்துக்கு மீனும், காய்கறிப் பாத்திகளுக்கு நீரும் அதிலிருந்தே கிடைக்கின்றன. வண்டல் படிந்த சமவெளியில் நீர் எளிதில் நிற்கும். பாங்குரா, புருலியா மாவட்டங்களின் சரளை கலந்த செம்மண்ணில் அவ்வாறு நிற்பதில்லை. கோடைக்கு முன்னரே குளம் வற்றிவிடின், மீன்குஞ்சுகளை வளர்ச்சி பெறுமுன் பிடித்துவிட நேரிடும்.

எனினும் நீர் குறைவதெல்லாம் கசிவன்று. வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில் கோடை நாளொன்றுக்கு 1 செ.மீ. அளவுக்கு நீர் ஆவியாகக்கூடும். சிமென்டுப் பூச்சு இவ்விழப்பைச் சிறிதும் குறைக்காது. ஆதலின் செலவு செய்யுமுன் அளந்தறிதல் இன்றியமையாதது. இதற்கு ஒரு வாளியே போதும். அதனைக் குளத்தின் ஓரத்தில் செங்கற்கள்மீது பெரும்பகுதி அமிழுமாறு நிறுத்தி, உள்ளும் புறமும் நீர் ஒரே மட்டத்தில் இருக்குமாறு நிரப்பி, இரு மட்டங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். மழையில்லாத நாளில், நீர் இறைக்காமல், 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். வாளியில் 0.6 செ.மீ., குளத்தில் 2.6 செ.மீ. குறைந்திருப்பின், வேறுபாடான 2 செ.மீ. கசிவாகும். 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள நீர்ப்பரப்பில் இது நாள்தோறும் 1,600 லிட்டர். மூன்று நாட்கள் அளந்து சராசரி காண்பது நலம். பள்ளித் தோட்டத்தில் மாணவர்களே இதனைச் செய்யலாம்.

அருகிலுள்ள கிணற்றையும் கவனித்தல் வேண்டும். கிணற்று நீரும் குளத்து நீரும் ஒரே மட்டத்தில் நின்று ஒருங்கே இறங்குமாயின், குளம் நிலத்தடி நீரின் திறந்த வாயேயன்றி வேறன்று. அங்கு பிளாஸ்டிக் விரிப்பு இடுவது வீண். மழைக்காலத்தில் கீழிருந்து எழும் நீர் விரிப்பைத் தூக்கிவிடும்.

கசிவு உறுதியானபின் அதன் இடத்தைத் தேட வேண்டும். நீர் சேர்ப்பதை நிறுத்தி, நட்ட கோலில் மட்டத்தை நாள்தோறும் குறிக்க, விரைவாக இறங்கிய நீர் ஒரு மட்டத்தில் வந்து தயங்கும். துளை பெரும்பாலும் அம்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். நண்டு வளை, எலி வளை, மட்கிய மரவேர், வடிகுழாயைச் சுற்றிய இடைவெளி ஆகியவை வழக்கமான காரணங்கள். கரைக்கு வெளியே கோடையிலும் புல் பசுமையாக இருக்கும் இடம் ஐயத்துக்குரியது. உள்ளே, கரைத்த களிமண் நீரை ஓரமாக மெல்ல ஊற்றினால், அக்கலங்கல் துளையை நோக்கி நகர்வதைக் காணலாம். எங்கும் தயங்காமல் அடிவரை நீர் இறங்கினால், தரையே கசிகிறது என்று கொள்ளலாம்.

வளையின் வாயை மட்டும் அடைப்பது பரவலான தவறு. வளை முடியும்வரை தோண்டி, ஈரக் களிமண்ணை 15 செ.மீ. படலங்களாக இட்டு, ஒவ்வொன்றையும் திமிசுக்கட்டையால் இறுக்க வேண்டும். ஈரமண்ணை உள்ளங்கையில் கயிறாகத் திரித்து, விரிசலின்றி வளையமாக்க முடிந்தால் அக்களிமண் ஏற்றது.

தரை கசியுமாயின், களிமண்ணைப் பரப்பி நனைத்து மாடுகளைக்கொண்டு மிதிப்பிப்பதே மலிவான முறை. அது காய்ந்து வெடிக்குமுன் நீர் விடப்பட வேண்டும். களிமண் கிடைக்காத இடத்தில், ராஜஸ்தானத்துப் பார்மேரிலும் குஜராத்தின் கட்சிலும் வெட்டப்படும் பென்டோனைட் உதவும். நீரை உறிஞ்சிப் பன்மடங்கு பருக்கும் வகையையே கேட்டு வாங்கி, வற்றிய தரையின் மேல்மண்ணோடு கலந்து இறுக்குதல் வேண்டும். 500 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு நன்கு தடுக்கும். ஆனால் மீன் வளர்ப்பதாயின் அதன்மேல் மண் படலம் தேவை. சிமென்டுப் பூச்சிலிருந்து கரையும் சுண்ணாம்பு மீனுக்குக் கேடு. ஆகவே பலமுறை நீர் நிரப்பி வடித்தபின்னரே குஞ்சுகளை விட வேண்டும்.

பழுது பார்த்தபின் வாளிச் சோதனையை மீண்டும் செய்து, முந்திய அளவோடு குறிப்பேட்டில் பதிதல் வேண்டும்.