காப்பிக்கு முன்னால் ஒரு மாத்திரை

டீ ஆறட்டும் அக்கா, அதற்குள் பேசிவிடலாம். தைராய்டை முழுதாக எடுத்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் எல்லோரும் கேட்பதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள்: "ஆயுசு முழுக்க மாத்திரையா?" ஆமாம், ஆயுசு முழுக்கத்தான். ஆனால் இதில் பயப்பட ஒன்றுமில்லை. கழுத்திலிருந்த சுரப்பி நாள்தோறும் சுரந்துவந்த தைராக்ஸின் என்ற ஹார்மோனைத்தான் இப்போது மாத்திரையாகத் தருகிறார்கள். "பழக்கமாகிவிடும், கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள்" என்று யாராவது சொல்வார்கள். பிறக்கும் முன்பே உங்கள் உடம்பு பழகிய பொருள் இது. அது இல்லாமல் ஓடத்தான் உடம்புக்குத் தெரியாது.

அந்தச் சுரப்பி என்ன செய்துகொண்டிருந்தது என்று முதலில் பார்ப்போம். குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டி, ஏறத்தாழ 15 முதல் 25 கிராம் எடையில் அது இருந்தது. இதயம் எந்த வேகத்தில் துடிப்பது, உடம்பில் எவ்வளவு சூடு இருப்பது, குடல் எப்படி நகர்வது, மாதவிலக்கு எப்படி வருவது, மனம் எவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பது என்று எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு. அது சுரந்தவற்றில் முக்கியமானவை இரண்டு ஹார்மோன்கள்: டி4, டி3. மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின்தான் டி4.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், டி4 மேட்டூரில் தேக்கிய தண்ணீர். டி3 வயலில் பாய்கிற தண்ணீர். பயிர் குடிப்பது வயலில் பாய்வதைத்தான். கல்லீரல், சிறுநீரகம், தசை, மூளை எல்லாம் தத்தம் தேவைக்கு மடையைத் திறந்து டி4-ஐ டி3-ஆக மாற்றிக்கொள்கின்றன. அதனால்தான் டி4 மட்டும் கொடுத்தாலே பெரும்பாலோருக்குப் போதுமாக இருக்கிறது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மட்டம் குறைந்தால் 'இன்னும் சுர' என்று தைராய்டுக்கு அது அனுப்பும் உத்தரவுதான் டி.எஸ்.எச். ஆகவே ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். ஏறியிருந்தால் உடம்பில் ஹார்மோன் போதவில்லை என்று பொருள்; இறங்கியிருந்தால் கூடிவிட்டது என்று பொருள். ஏறியதைப் பார்த்து 'தைராய்டு கூடிவிட்டது' என்று மாத்திரையைக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தத் தவறு நடக்கவே கூடாது.

இந்த மாத்திரை இல்லாத காலமும் இருந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் என்ற அறுவை மருத்துவர் கழுத்துக் கழலைகளை மிகத் திறமையாக அகற்றிவந்தார். சுரப்பியை முழுதாக எடுத்தவர்களைப் பின்னாளில் அழைத்துப் பார்த்தபோது பலர் வீங்கி, மந்தமாகி, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதை அவர் 1883-ல் வெளிப்படையாக அறிவித்தார். தைராய்டு பற்றிய பணிக்காக 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு செயலிழந்த 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-ல் அமெரிக்காவில் கெண்டால் என்பவர் தைராக்ஸினைப் பிரித்தெடுத்தார். 1927-ல் அதைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். இன்றைக்கு, சுரப்பி இல்லாத பெரியவர்களுக்கு மாத்திரை தொடங்கும்போது உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிடுவார்கள். 60 கிலோ உள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் அளவில் வரும். அப்படிப் பார்த்தால் ஒரே ஒரு கிராம் தைராக்ஸின் 27 ஆண்டுகளுக்குக் காணும்! இவ்வளவு சிறிய அளவு என்பதால்தான் அது வயிற்றில் சரியாகச் சேர்கிறதா என்பது இத்தனை முக்கியமாகிறது.

இங்கேதான் நம் தஞ்சாவூர்ச் சீமைக்கே உரிய இடைஞ்சல் வருகிறது. பொழுது விடிந்ததும் டிகாக்‌ஷன் இறங்கி, பால் பொங்கி, காப்பி கைக்கு வந்துவிட வேண்டும். காப்பி, டீ, பால் மூன்றுமே தைராக்ஸின் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். படுக்கைக்குப் பக்கத்திலேயே புட்டியையும் ஒரு செம்புத் தண்ணீரையும் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்தவுடன் போட்டுக்கொண்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பாத்திரம் விளக்கி முடிப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். நடவுக்கும் களைபறிக்கவும் விடியலிலேயே கிளம்புகிறவர்களுக்குக் காலை வேளை சரிப்படாவிட்டால், ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, எந்த வேளை என்று முடிவு செய்து, அதை மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

தைராய்டுக் கோளாறு ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம். நம் வீடுகளில் முதலில் எழுந்து எல்லோருக்கும் காப்பி போடுகிறவர்களும் பெண்கள்தான். அவர்களுடைய மாத்திரைதான் முதலில் மறந்துபோகிறது. அத்தானிடமும் பிள்ளைகளிடமும் இதை நானே சொல்கிறேன்: அந்த முதல் ஒரு மணி நேரம் இனி உங்களுடையது.

விரத நாளில் என்ன செய்வது? சஷ்டியானாலும் ஏகாதசியானாலும் தண்ணீரோடு மாத்திரை போட்டுவிடுங்கள். அன்று வயிறு வெறுமையாக இருப்பது மாத்திரைக்கு இன்னும் நல்லது. நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் நோன்பு வைப்பவர்கள் படுக்கைக்குப் போகும்போதோ, சஹர் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாக எழுந்தோ போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, எல்லா மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கும் வழக்கம். கால்சியம், இரும்புச்சத்து, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து மூன்றும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றுக்கும் தைராக்ஸினுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் தைராக்ஸின், மதியச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

கால்சியம் எதற்கு என்று கேட்டீர்களே. தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் பெரும்பாலும் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர் பாராதைராய்டு. தைராய்டுக்கும் அவற்றுக்கும் வேலையில் சம்பந்தமில்லை. ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்தைச் சரியாக வைத்திருப்பது அவற்றின் பொறுப்பு. அறுவையில் அவற்றுக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்தால் சில நாட்களோ சில வாரங்களோ அவை மயங்கிக் கிடக்கும். சிலருக்கு மீளாமலே போவதும் உண்டு. உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் உணர்ச்சி, கை விரல்கள் இழுத்துக்கொள்வது ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றை 'பலவீனம்' என்று விட்டுவிடாதீர்கள். விரல் இழுத்தால் அன்றைக்கே, நேரம் பார்க்காமல், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குரலுக்குப் போகும் நரம்புகளும் அந்த இடத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன. முதல் சில வாரங்கள் குரல் கம்முவது பலருக்கும் நேர்ந்து, மெல்லச் சரியாகும். ஒரு மெல்லிய நரம்பு மேல்ஸ்தாயிக்கு உரியது. அது பாதித்தால் பேச்சு மாறாது, உச்சத்தில் பாடுவது மட்டும் சிரமமாகும். பாட்டுக்குப் பேர்போன திருவையாற்றை அடுத்து வாழும் நமக்கு இது சின்ன விஷயமில்லை. பாடுகிறவர்கள், ஓதுவார்கள், வகுப்பில் பேசிப் பிழைக்கும் ஆசிரியர்கள் அறுவைக்கு முன்பே தங்கள் தொழிலை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டில் என்ன விலக்கு? முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் ஆகாது என்பார்கள். அவை தைராய்டுச் சுரப்பி அயோடினைப் பயன்படுத்துவதைத்தான் சற்றுத் தடுக்கும். சுரப்பியே இல்லாத கழுத்தில் தடுக்க எதுவும் இல்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள். அயோடின் உப்புப் போட்டாலும் உங்கள் ஹார்மோன் கூடாது, குறையாது. ஆனால் வீட்டில் மற்றவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், அது கட்டாயம் வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்தவர்களில் சிலருக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பார்கள். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரம் அயோடின் உப்பு, மீன், கருவாடு, பால், முட்டை எல்லாம் தள்ளிவைக்க வேண்டும். சோறும் பருப்பும் காய்கறியும் சாப்பிடலாம் என்பதால் நெல் விளையும் ஊரில் இது கஷ்டமான பத்தியமில்லை. எந்த உப்பு என்பதை மட்டும் மருத்துவமனையில் கேட்டுக்கொள்ள வேண்டும். வேதாரண்யத்து உப்பளத்துக் கல்லுப்பானாலும் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

அளவு சரியா என்று பார்க்க, மாத்திரை தொடங்கியோ மாற்றியோ ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது பரிசோதனை எண்ணைப் பிசகாகக் காட்டிவிடும். அளவு குறைந்தால் அசதி, மலச்சிக்கல், வறண்ட தோல், மறதி. கூடினால் படபடப்பு, தூக்கமின்மை, நாளடைவில் எலும்புத் தேய்வு. புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்ட சிலருக்கு டி.எஸ்.எச்.-ஐ வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து வேறொருவர் அளவைக் குறைக்கச் சொன்னால், அறுவை செய்த இடத்தில் கேட்காமல் மாற்றாதீர்கள். உங்கள் மருமகளைப்போல இளம்பெண் யாருக்காவது சுரப்பி இல்லையென்றால், நாள் தள்ளிப்போனவுடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் தைராக்ஸின் கூடுதலாக வேண்டும். முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்வது தாயின் தைராக்ஸினை நம்பித்தான். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அப்போதும் நான்கு மணி நேரம் தள்ளியே போட வேண்டும்.

ஒருநாள் மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் போடுங்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாது. ரத்தத்தில் உள்ள தைராக்ஸின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் பிடிக்கும். ஆனால் வாரக்கணக்கில் விட்டால் நிலைமை வேறு. உடம்பு குளிர்ந்து, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்ததையும், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்ததையும், கிராமங்களில் நாள்கணக்காக மின்சாரம் இல்லாமல் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட மண்ணில், தன் உடம்பில் சுரப்பி இல்லாதவர் கடைசி மாத்திரை வரை காத்திருக்கக் கூடாது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துதான் இது. சூடும் ஈரமும் வெளிச்சமும் அதற்கு ஆகாது என்பதால் அடுப்பங்கரை அலமாரியில் வைக்காமல், அதன் புட்டியிலேயே மூடி வையுங்கள்.

உடம்பு தானாகச் செய்துவந்த ஒரு வேலை இப்போது உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது அக்கா, அவ்வளவுதான். அதைச் சரியாகச் செய்தால் நடவு நடலாம், பாடலாம், பேரன் பேத்தி எடுக்கலாம். ரத்தம் கொடுக்கும் தேதியை இன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு புட்டி கூடுதலாக வாங்கிவைத்துவிடுங்கள்.