மாணவர்களுக்கான சிறு நீர்மின் மாதிரி

சிறு நீர்மின் மாதிரி என்பது, விழும் நீரின் ஆற்றலைக் கொண்டு எல்.இ.டி. விளக்கை எரியச் செய்யும் பள்ளி அளவிலான செய்முறை ஆகும். உதகை–கோத்தகிரி சாலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கட்டபெட்டு போன்ற சரிவான ஊர்களில் இதனை எளிதாகச் செய்யலாம். இதற்கு வேண்டிய உயர வேறுபாடு அங்கு வீட்டுக்குப் பின்னாலேயே கிடைக்கிறது.

பின்னணி

காந்தத்தின் அருகே கம்பிச்சுருளோ, சுருளின் அருகே காந்தமோ நகரும்போது சுருளில் மின்னழுத்தம் தோன்றும். மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்த இந்த விளைவு மின்காந்தத் தூண்டல் எனப்படும். நீலகிரியில் 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம் இதே விளைவால்தான் மின்சாரம் தருகிறது. அங்கு 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கும் நீர், கிண்ணங்கள் பொருத்திய பெல்டன் சக்கரத்தின் மீது பாய்ச்சப்படுகிறது. கோவைப் பகுதி ஆலைகளின் வளர்ச்சிக்கு இந்த மின்சாரம் பெரிதும் உதவியது.

தேவையான பொருட்கள்

• பழைய பிரிண்டரின் ஸ்டெப்பர் மோட்டார் (நான்கு கம்பிகள் கொண்டது)
• இரண்டு பழைய சி.டி.க்கள், எட்டு பிளாஸ்டிக் கரண்டிகள்
• தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாய், 3 முதல் 4 மி.மீ. துளையுள்ள முனை
• இரண்டு சிவப்பு எல்.இ.டி.க்கள், 220 ஓம் மின்தடை

மோட்டாரைப் பழைய பொருள் கடையில் கழற்றியே வாங்க வேண்டும். பிரிண்டரின் மின்வழங்கிப் பலகையில் உள்ள மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும் என்பதால் மாணவர்கள் அதைத் திறக்கக் கூடாது.

செய்முறை

1. மோட்டாரின் நான்கு கம்பிகளில் ஏதேனும் இரண்டின் முனைகளை ஒன்றாகத் தொடவைத்து, அச்சை விரலால் சுழற்ற வேண்டும். சுழற்றுவது கடினமானால் அவை ஒரே சுருளின் இரு முனைகள். கடினமாகாவிட்டால் வேறு இணையைச் சோதிக்கலாம்.
2. கரண்டிகளின் காம்புகளை வெட்டி, சம இடைவெளியில் இரு சி.டி.க்களுக்கு இடையே ஒட்டி, சக்கரத்தை மோட்டார் அச்சில் பொருத்த வேண்டும். மோட்டார் நனையாமல் பிளாஸ்டிக் தகட்டால் மறைக்க வேண்டும்.
3. மின்தடையை ஒரு முனையில் இணைத்து, இரு எல்.இ.டி.க்களையும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பக்க இணைப்பாகச் சுருளுடன் சேர்க்க வேண்டும்.
4. சுமார் 5 மீட்டர் மேலே வைத்த தொட்டியிலிருந்து நீரைக் கொண்டுவந்து, கரண்டிகளின் குழிவின் மீது பீச்ச வேண்டும்.

கற்பவை

சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றினால் இரு விளக்குகளும் மாறி மாறி எரிவதைக் காணலாம். சுருளில் உருவாவது மாறுதிசை மின்னோட்டம் என்பதற்கு இதுவே சான்று. வேகம் கூடும்போது இரண்டும் சேர்ந்து எரிவதுபோல் தோன்றும்.

முதல் படியில் அச்சு கடினமானதற்குக் காரணம் லென்ஸ் விதி: தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னை உண்டாக்கும் இயக்கத்தையே எதிர்க்கிறது. மின்சாரம் எடுக்கும் அளவுக்குச் சக்கரத்தைத் தள்ளும் உழைப்பும் கூட வேண்டும். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை என்பதைப் பாடநூலில் படிப்பதற்கு முன் விரலே உணர்த்திவிடுகிறது.

நொடிக்கு 0.1 லிட்டர் நீர் 5 மீட்டர் இறங்கினால், 0.1 × 9.8 × 5 என்ற கணக்கில் சுமார் 5 வாட் ஆற்றல் உண்டு. பெரும்பகுதி வீணானாலும், 0.04 வாட் அளவே கேட்கும் சிவப்பு எல்.இ.டி.க்கு அது போதும். அதே நீர் 900 மீட்டர் இறங்கினால் சுமார் 880 வாட் ஆகிறது. குறைந்த நீரிலும் மலை மாவட்டம் மிகுந்த மின்சாரம் தருவது இதனால்தான்.

பாதுகாப்பு

இம்மாதிரியை வீட்டு மின்இணைப்புடன் எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது. ஓடும் ஆற்றில் இறங்காமல் தொட்டி நீரையே பயன்படுத்த வேண்டும். மழைக்காலத்தில் நீலகிரியில் மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்து விழுவதுண்டு. விளக்கு எரியாத நேரத்திலும் அக்கம்பியில் மின்சாரம் இருக்கலாம். அதன் அருகே செல்லாமல், பெரியவர்களிடம் சொல்லி மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாதிரியில் கையால் தொடத்தக்க மின்சாரத்துக்கும் கம்பத்தில் செல்லும் மின்சாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதும் இச்செய்முறையின் ஒரு பகுதியே ஆகும்.